நடப்போம் என்பதில் யார் யார்?

தென் அந்தமானின் மேற்குக் கரையில், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ளது வண்டூர். 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயில் இவ்வூர்தான். ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய தீவுகளுக்கு இங்குள்ள ஜெட்டியிலிருந்தே படகுகள் புறப்படுகின்றன. படகேறும் முன் பயணிகளின் பைகள் சோதிக்கப்படும். பிளாஸ்டிக் பைகளுக்கும் தின்பண்ட உறைகளுக்கும் அனுமதி இல்லை. தண்ணீர்ப் புட்டிக்கு முன்பணம் கட்ட வேண்டும். திரும்பி வந்து புட்டியைக் காட்டினால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். ஒரு தீவு திறந்திருக்கும் பருவத்தில் மற்றொன்றுக்கு ஓய்வு தரப்படுகிறது.

இத்தனை ஏற்பாடும் பவளப்பாறைகளுக்காக. பவளத்தின் நலம் என்பது அதைச் சூழ்ந்த நீரின் நலம் என்பதை நிர்வாகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2010-இல் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்தபோது, அவை சோம்பியிருந்ததால் வெளுத்தன என்று எவரும் சொல்லவில்லை.

அதே ஜெட்டிக்குப் பின்னால் வாழும் மனிதர்களின் நலம் பற்றிய பேச்சு மட்டும் வேறொரு தொனியில் நடக்கிறது.

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆண்களில் 100-க்கு 45 பேர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். நாட்டின் எல்லா மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் இதுவே மிக உயர்ந்த விகிதம். இந்தியச் சராசரி 23. பெண்களில் 100-க்கு 38 பேர். இந்தியச் சராசரி 24. கடலும் காடும் சூழ்ந்த, காற்றில் புகை குறைந்த, அவசரமற்றது என்று பெருநிலத்தவர் எண்ணும் ஓரிடத்தின் கணக்கு இது.

இந்தக் கணக்குக்கு அரசின் விடை என்ன? 2019 ஆகஸ்ட் 29 அன்று, ஹாக்கி வீரர் தியான் சந்தின் பிறந்த நாளில், பிரதமர் புது தில்லியில் ஃபிட் இந்தியா இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். நாள்தோறும் அரைமணி நேரம் என்பது அதன் மருந்தளவு. 'ஃபிட்னஸ் கி டோஸ், ஆதா கண்டா ரோஸ்' என்பது முழக்கம். 2024 டிசம்பரில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டும் இயக்கம் வந்தது. 2025 பிப்ரவரியில் வானொலி உரையொன்றில், சமையல் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைக்குமாறு பிரதமர் மக்களைக் கேட்டுக்கொண்டார். இவற்றுள் தவறான அறிவுரை என்று ஒன்றுகூட இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வகுத்துள்ளது. ஆனால் எல்லாமே ஏவல் வினைகள். நட, ஓட்டு, குறை. ஏவலின் எழுவாய் எப்போதும் முன்னிலை. செய்யாவிட்டால் குற்றமும் முன்னிலைக்கே உரியது.

வண்டூரில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இந்த ஏவல் மருத்துவரின் வாய்மொழியாக வந்தது. அவருக்கு வயது 53. பெற்றோர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தந்தை தினக்கூலி மஸ்தூராக இருந்து மறைந்தவர். ஜெட்டியை ஒட்டி அவர் ஒரு சிறிய தேநீர்க் கடை வைத்திருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சர்க்கரை இருப்பது தெரிந்தது. மாத்திரை எழுதித் தந்த மருத்துவர், தீவுகளின் பொதுமொழியான இந்தியில், "தினமும் அரைமணி நேரம் நடங்கள், அம்மா. காலையோ மாலையோ, உங்கள் வசதிப்படி" என்றார். "சரி, டாக்டர் சாப்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வசதிப்படி என்னும் சொல்லை அவருடைய நாளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். முதலில் மாலை. அந்தமான் ஏறத்தாழ 92.7 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, கடிகாரமோ 82.5 பாகையை அளவாகக் கொண்ட இந்திய நேரத்தில் ஓடுகிறது. சூரியன் ஏறத்தாழ நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் ஐந்து மணியளவிலேயே மறைந்தும் விடுகிறது. படகுகள் திரும்பி, கடைசிப் பயணி தேநீர் அருந்தி, பாத்திரம் கழுவி, கடையைச் சாத்தும்போது சாலையில் இருள். சென்னையில் மாலை ஆறரை மணிக்குப் பூங்காவைச் சுற்றி வருகிறவரின் 'மாலை' வண்டூரில் இரவு.

அடுத்துக் காலை. ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். ஆனால் கடைக்கான மாவும் பாலும் அதே ஐந்து மணிக்குத்தான் அடுப்பேறுகின்றன. ஏழு மணிக்கு ஓய்வு கிடைத்தால், நகரத்திலிருந்து பயணிகளை ஏற்றிவரும் வாடகை வண்டிகள் படகைப் பிடிக்க விரைந்துகொண்டிருக்கும். அவர் நடக்க வேண்டிய சாலையில் நடைபாதை இல்லை. ஒருபுறம் வடிகால், மறுபுறம் புதர். கடற்கரைக்குப் போகலாம் என்றால், அங்கு நிற்பது முதலை எச்சரிக்கைப் பலகை. ஓடை கடலில் சேரும் பக்கத்துக்குத் தனியாகப் போக ஊர்ப் பெண்கள் அஞ்சுகிறார்கள். இரண்டு பருவமழைகளும் பெய்யும் தீவு இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை வானத்தை நம்ப முடியாது.

அவர் முயலாமல் இல்லை. பதினொரு நாள் நடந்தார். பன்னிரண்டாம் நாள் ஒரு வண்டி உரசுவதுபோல் கடந்து செல்ல, வடிகாலுக்குள் இறங்கி நின்றவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த முறை மருத்துவர் "நடக்கிறீர்களா?" என்று கேட்டபோது "நடக்கிறேன்" என்றார். இரத்தப் பரிசோதனைத் தாள் வேறு சொன்னது. மாத்திரையின் அளவு கூடியது. பொய் சொல்லும் பழக்கம் உள்ளவர் அல்லர் அவர். இல்லை என்று சொன்னால் அடுத்து வரும் 'ஏன்' என்ற கேள்விக்கு, சாலையையும் சூரியனையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கும். வெளியே வரிசையில் இன்னும் முப்பது பேர் காத்திருக்கும்போது அதற்கு நேரம் ஏது?

உடலுழைப்பை அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த வினாத்தாள் அதனை மூன்றாகப் பிரிக்கிறது: வேலையில் அசைவது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகையில் அசைவது, பொழுதுபோக்காக அசைவது. இப்பெண்ணின் தாய் முதலிரண்டிலும் நாள் முழுவதும் அசைந்தவர். விறகு, கிணறு, கூலிவேலை, சந்தைக்கு நடை. மகளின் வீட்டில் எரிவாயு அடுப்பும் குழாய்த் தண்ணீரும் உண்டு. சந்தைக்கு மகனின் ஸ்கூட்டர். இதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. விறகுச் சுமை தாயின் முதுகை வளைத்ததே தவிர வளர்க்கவில்லை. ஆனால் முதலிரண்டு அசைவுகளும் வாழ்விலிருந்து கழிந்தபின், மூன்றாவதை மட்டும் தனியே வாங்கிச் சேர்க்கும்படி அரசு சொல்கிறது. 'உடற்பயிற்சி' என்று நாம் இன்று வழங்கும் சொல்லின் பொருள் இந்த மூன்றாவது மட்டுமே. தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் போதிய உடலுழைப்பு அற்றவர்கள். பொழுதுபோக்காக உடலை அசைப்பவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தச் சிறு பகுதியின் பழக்கத்தையே எல்லார்க்கும் உரிய கொள்கையாக எழுதுகிறோம். 2022-ஆம் ஆண்டு நிலையைக் கணக்கிட்டு லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியப் பெண்கள் 57 விழுக்காடு, ஆண்கள் 42 விழுக்காடு. இந்தப் பதினைந்து புள்ளி இடைவெளியைப் பெண்களின் சோம்பலாகக் கொள்வது எளிது. யாருடைய காலையில் அடுப்பு இருக்கிறது என்று கேட்பதுதான் கடினம்.

சூழல் மாறினால் உடல் எப்படி மாறும் என்பதற்கு இத்தீவுக்கூட்டத்திலேயே துயரமான சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிக்கோபாரின் தென்னந்தோப்புகளும் பன்றிகளும் பெருமளவில் அழிந்தன. கடலோர ஊர்கள் உள்நிலத்துக்குப் பெயர்ந்தன. நிவாரணமாக அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் வந்தன. அவை இல்லாமல் பிழைத்திருக்க முடியாது என்பது உண்மை. உணவும் உழைப்பும் ஒருசேர மாறின என்பதும் உண்மை. 2011-இல் வெளியான ஆய்வொன்று, அங்குள்ள நிக்கோபாரி மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதைக் காட்டியது. ஒரு சமூகத்தில் பாதிப் பேருக்கு ஒரே நோய் என்றால், பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் மன உறுதி குறைந்தது என்று விளக்கம் சொல்ல முடியாது.

அதே கார் நிக்கோபார் உலகத்தரமான சைக்கிள் வீரர்களையும் தந்திருக்கிறது. ஒன்பது வயதில் சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு பல நாள் உயிர் காத்த டெபோரா ஹெரால்ட், பின்னாளில் நாட்டின் முன்னணி வீராங்கனையானார். எசோ ஆல்பன் 2018-இல் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 2019-இல் அவர் இடம்பெற்ற இந்திய அணி தங்கம் வென்றது. ஓடுதளமும் பயிற்சியாளரும் மிதிவண்டியும் உணவும் முறையாகக் கிடைத்த இடத்தில் தீவின் உடல்கள் என்ன செய்யவல்லவை என்பதை இவர்கள் காட்டினார்கள். பதக்கத்துக்காக அரசு சூழலை அமைத்துத் தந்தது. சர்க்கரைக்காக அறிவுரை மட்டும் தருகிறது.

தமிழ்நாடு இவ்வகையில் ஓரடி முன்னே இருக்கிறது. 2023 நவம்பர் 4 அன்று 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நீள நடைப்பாதைகளோடு தொடங்கப்பட்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம், நட என்று சொல்வதோடு நில்லாமல் எங்கே நடப்பது என்பதற்கும் விடை தந்தது. எட்டுக் கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ பத்தாயிரம் அடி. அந்தப் பத்தாயிரத்தின் பிறப்பு ஜப்பானில். 1965-இல் அங்கே விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'மான்போகெய்', அதாவது பத்தாயிரம் அடி அளவி, என்று பெயரிட்டார்கள். முதிய பெண்கள் 16,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடியிலேயே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்தது. 7,500 அடியளவில் கூடுதல் பயன் நின்றுவிட்டது. வண்டூர்த் தேநீர்க் கடைக்காரருக்கு எட்டாத இலக்கு அன்று இது.

'நடப்போம்' என்ற வினையையும் சற்றே பார்க்கலாம். நன்னூலின் வகைப்பாட்டில், அம், ஆம் என்னும் விகுதிகள் முன்னிலையாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்வன. எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரைச் சேர்த்துக்கொள்வன. அந்தக் கணக்கில் 'நடப்போம்' என்பது கேட்பவரை விட்டுவிட்டுப் பேசுபவரும் அவர் கூட்டத்தாரும் நடப்பதைக் குறிக்கும். இன்றைய வழக்கில் இந்த வேறுபாடு இல்லை. ஓம் விகுதி 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் பொது. எனவே முழக்கத்தைக் கேட்பவர், தாம் அதனுள் இருக்கிறாரா இல்லையா என்பதை வினையைக்கொண்டு அறிய இயலாது. தெருவைக்கொண்டுதான் அறிய இயலும். பாதை மாவட்டத் தலைநகரில் இருந்து, வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அவருக்கு அது நன்னூலார் காலத்து ஓம்தான்.

இதே மாநிலத்தின் மற்றொரு திட்டம் எதிர்த்திசையில் நடந்தது. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருப்பதைக் காட்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', நோயாளியை நடக்கச் சொல்லும் முன் அரசே அவர் வீட்டு வாசலுக்கு நடந்தது. 2024-இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. வாசலுக்கு வரும் ஊழியருக்குச் சாலையில் விளக்கு இல்லை என்பதும் தெரியும். எந்நேரம் அடுப்பு எரிகிறது என்பதும் தெரியும். "நடக்கிறேன்" என்று அவரிடம் பொய் சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

இடத்தை மாற்றினால் மனிதர்கள் மாறுவார்களா என்ற ஐயத்துக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. திருமங்கலத்தை அடுத்த ஏசியாட் காலனியில் 1990-களின் பிற்பகுதியில் நீரிழிவு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காடு. விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குப் பின் குடியிருப்போரே தம் பணத்தில் ஒரு பூங்கா அமைத்தார்கள். ஏழு ஆண்டுகளில் அந்த விகிதம் 58.7 ஆனது. அறிவுரை அங்கும் உண்டு. ஆனால் அது கால் வைக்க ஓரிடத்தைத் தேடிக்கொண்டது. அவர்கள் நடுத்தர வருவாயினர். பணமும் நிலமும் இருந்தன. வண்டூரில் நிலத்தின் பெரும்பகுதி காடாகவும் அரசுடையதாகவும் இருப்பதால், ஊரார் கூடிப் பணம் திரட்டினாலும் ஒரு முழம் பாதையைத் தாமாக அமைக்க முடியாது. அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.

மழையைக் காரணம் காட்டுவோர்க்குச் சிங்கப்பூரைக் காட்டலாம். அங்கும் ஆண்டு முழுவதும் மழை. 2013-இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரையிட்ட நடைபாதைகள் போடப்பட்டன. மொத்தம் 200 கிலோமீட்டர் அளவுக்கு அவை வளர்ந்தன. அங்கும் அடி எண்ணும் போட்டிகளும் பரிசுகளும் உண்டு. ஆனால் பரிசுக்காக நடப்பவரும் ரயிலுக்காக நடப்பவரும் ஒரே கூரையின் கீழ் நனையாமல் நடக்கிறார்கள்.

சிங்கப்பூரின் செல்வம் வண்டூருக்கு இல்லை. தேவையும் அத்தனை பெரிதில்லை. கடைத்தெருவிலிருந்து ஜெட்டி வரை சாலையோரமாக, வண்டிகள் ஏறாதபடி உயர்த்திய ஒரு நடைபாதை. மாலை ஏழு மணி வரை எரியும் விளக்குகள். மழைக்கு ஒதுங்க இரண்டு மூன்று இடங்களில் கூரை. பள்ளி முடிந்தபின் அதன் திடல் பெண்களுக்குத் திறந்திருப்பது. தீவின் கடிகாரத்துக்கு ஏற்ப நேரம் வகுப்பது. இவற்றுள் எதற்கும் புதிய முழக்கம் வேண்டாம்.

அறிவுரையை அறவே கைவிட வேண்டும் என்பதும் சரியாகாது. உடலை அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்தாவது வரவேண்டும். மருத்துவர் அன்று சொல்லியிருக்காவிட்டால் அப்பெண் அந்தப் பதினொரு நாளும் நடந்திருக்க மாட்டார். மன உறுதி இருந்தது என்பதற்கு அந்தப் பதினொரு நாளே சான்று. அது தீர்ந்த இடம் எது என்பதைத்தான் கொள்கை வகுப்போர் குறித்துக்கொள்ள வேண்டும்: நடைபாதை இல்லாத ஒரு வளைவு, ஒரு வடிகால் ஓரம்.

இயக்கங்களின் வெற்றியை இப்போது உறுதிமொழி எடுத்தோர் எண்ணிக்கையாலும், ஒரு ஞாயிறு காலையில் கூடியோர் எண்ணிக்கையாலும் அளக்கிறோம். ஒவ்வோர் ஊராட்சியிலும் இருட்டிய பின் ஒரு பெண் அச்சமின்றி நடக்கக்கூடிய பாதை எத்தனை மீட்டர் என்று அளந்து, ஆண்டுதோறும் வெளியிட்டால் போதும். வண்டூரின் கணக்கு முதல் ஆண்டில் சுழியமாகவே இருக்கலாம். சுழியம் என்று எழுதப்பட்டுவிட்டால், அடுத்த ஆண்டும் அதையே எழுத ஓர் அலுவலருக்கேனும் கூசும்.